கடனும் காரும் உள்ளவனுக்குப் புத்தர் என்ன சொல்லியிருக்கிறார்?

21 ஏப்ரல் 2025 – கேள்வி (கோலாலம்பூர் வாசகர்)

வயது 29. செராஸில் வாடகை வீடு. காருக்கு ஒன்பது வருடக் கடன், பிடிபிடிஎன் கல்விக் கடன் பாக்கி, இரண்டு கிரெடிட் கார்டு. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்வதற்குள் நாள் முடிந்துவிடுகிறது. "புத்தரைப் படிடா, மனசு லேசாகும்" என்றான் ஒரு நண்பன். சில காணொளிகள் பார்த்தேன். ஆசைதான் துன்பத்துக்குக் காரணம், விட்டுவிடு என்கிறார்கள். நான் ஆசையை விட்டால் பேங்க் என்னை விட்டுவிடுமா? புத்த தர்மம் மடத்தில் இருப்பவர்களுக்கு. மாதம் பிறந்தால் தவணை கட்டுகிறவனுக்கு அதில் ஒன்றும் கிடையாது. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

22 ஏப்ரல் 2025

நான் இல்லை என்கிறேன் தம்பி.

பினாங்கில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை. யாருக்கு எவ்வளவு பிடித்தம் போகிறது, கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மாதாமாதம் என் கண்முன் ஓடுகிற கணக்கு. அதனால் புத்தரிடமும் நான் முதலில் தேடிப் பார்த்தது பணத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பதைத்தான்.

புத்தர் காலத்துக் கோலியர் குலத்தாரின் ஊர் கக்கரபத்தம். அங்கே தீகஜாணு என்பவர் புத்தரிடம் வந்து ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: நாங்கள் குடும்பஸ்தர்கள், பிள்ளைகுட்டிகளோடு ஒரே படுக்கையில் நெருக்கியடித்துத் தூங்குகிறவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறோம், மாலை போடுகிறோம், பொன்னும் வெள்ளியும் வைத்திருக்கிறோம், எங்களுக்கு இந்தப் பிறவியிலும் மறுபிறவியிலும் நன்மை தருவது எதுவோ அதைச் சொல்லுங்கள். புத்தர் அவரைத் துறவுக்கு அழைக்கவில்லை. இந்தப் பிறவிக்கு என்று நான்கு சொன்னார். செய்கிற தொழிலில் சோம்பாத திறமை. சம்பாதித்ததைக் காப்பது. நல்ல நட்பு. வரவுக்குத் தக்க வாழ்க்கை.

காப்பது என்கிற இடத்தில் யாரிடமிருந்து என்பதையும் சொல்கிறார். அரசன் எடுத்துக்கொள்ளாமல், திருடன் கொண்டுபோகாமல், தீயில் வேகாமல், வெள்ளத்தில் போகாமல், பிடிக்காத வாரிசுகள் கையில் சிக்காமல். அந்தக் கடைசி வரியைப் படித்தபோது இவர் நம் குடும்பங்களுக்குள் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

நாலாவது, வரவுக்குத் தக்க வாழ்க்கை. கொஞ்சம் வரவு உள்ளவன் ஆடம்பரமாக வாழ்ந்தால், அத்தி மரத்தை உலுக்கி அத்தனையும் கீழே கொட்டிவிட்டுச் சிலதை மட்டும் பொறுக்கித் தின்கிறவன் மாதிரி என்று ஊர் பேசும் என்கிறார். மற்ற பக்கத்தையும் விடவில்லை. நிறைய வரவு இருந்தும் கஞ்சத்தனமாகக் கிடப்பவனைப் பட்டினியில் சாகப்போகிறவன் என்று ஊர் சொல்லும் என்கிறார். இரண்டுமே தப்பு.

கடன் பற்றி இன்னும் கறாராகப் பேசியிருக்கிறார். உலகத்தில் இல்லறத்தானுக்கு வறுமை துன்பம். வறுமையால் கடன் வாங்குவது துன்பம். வட்டி கட்டச் சம்மதிப்பது துன்பம். வட்டி தவறும்போது கேட்டு வருவார்களே, அது துன்பம். பின்னாலேயே துரத்துவார்கள், அது துன்பம். கடைசியில் கட்டிப்போடுவார்கள், அதுவும் துன்பம். இந்த வரிசையை அப்படியே நம்ம ஊர் ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) விவகாரத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் அவசரத்துக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), அப்புறம் வட்டி, அப்புறம் போன், அப்புறம் வாசல் கேட்டில் சிவப்புச் சாயம்.

கடன்பட்டவனுக்கு அவர் கடைசியில் துறவுப் பாதையைத்தான் காட்டுவார் என்று நினைக்கிறவர்கள் தம் இல்லறச் சீடரான வணிகர் அனாதபிண்டிகருக்கு அவர் சொன்னதைப் பார்க்க வேண்டும். இல்லறத்தானுக்கு நான்கு சுகம்: பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடன் இல்லாமல் இருப்பது, குற்றமில்லாமல் வாழ்வது. அவற்றில் நாலாவதற்கு முன்னால் மற்ற மூன்றும் பதினாறில் ஒரு பங்குகூடப் பெறாது என்றும் சொன்னார். ஆனாலும் மூன்றையும் சுகம் என்றே ஏற்றுக்கொண்டார். தம்பி பார்த்த காணொளிகளில் இதெல்லாம் வந்திருக்காது.

23 ஏப்ரல் 2025

"சூத்திரம் (புத்தரின் உபதேசம்) சரி, தவணைக்கு என்ன வழி?" என்று தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி.

ஏகேபிகேவுக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. இரண்டு கார்டு, கார் கடன் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, பேங்குகளோடு பேசித் திருப்பிக் கட்டும் திட்டம் போட உதவுவார்கள். ஆலோங் கடனுக்கு அங்கே வழி கிடையாது, அது போலீஸ் விஷயம்.

எங்கள் தொழிற்சாலையில் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையான தொகை எவ்வளவு என்றே தெரியாது. கூட்டிப் பார்க்கப் பயம். ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதச் சொல்வேன். எழுதும்போது கை நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்ததும் முகம் கொஞ்சம் தெளியும். நோய், காரணம், தீர்வு, வழி என்று புத்தர் நான்காகப் பிரித்ததில் முதல் படி இதுதான் என்பேன். துன்பம் எவ்வளவு என்று நேருக்கு நேர் பார்ப்பது.

26 ஏப்ரல் 2025

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: வருமானத்தை நாலாகப் பிரி, ஒன்றை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, ஒன்றை ஆபத்துக்கு வை என்று சிகாலனுக்குப் புத்தர் சொன்னாராமே, சம்பளக்காரர் இரண்டு பங்கைத் தொழிலில் போட முடியுமா?

முடியாதுதான். அந்த உபதேசம் ராஜகிருகத்தில் ஒரு வீட்டுக்கார இளைஞனுக்குச் சொன்னது. வணிகமும் விவசாயமும் பார்த்த குடும்பங்கள். நம்மில் வீட்டு வாடகைக்கும் காருக்குமே பாதிச் சம்பளம் போய்விடுகிறது. அளவை அப்படியே எடுத்தால் உடையும்.

ஆனால் அதன் எலும்பு இங்கே நிற்கிறது. ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நம் சந்தாவை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கு, 15 விழுக்காடு வீடு, படிப்பு, மருத்துவம் மாதிரித் தேவைகளுக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்று வந்த நாளிலிருந்து அந்தப் பத்தை மாதம் தவறாமல் சுரண்டி எடுக்கிற இளசுகளை நான் அறிவேன். "அக்கா, என் காசுதானே?" என்பார்கள். உன் காசுதான். ஆபத்துக்கு என்று ஒதுக்கச் சொன்ன நாலாம் பங்கும் உன் காசுதான். அதைத் தொடாமல் வைக்கிற பழக்கத்தைத்தான் அவர் கற்றுக்கொடுக்கிறார்.

தொழிலில் போடும் இரண்டு பங்குக்கு என் விளக்கம்: சம்பளக்காரருக்குத் தொழில் என்பது அவர் கையும் தலையும். வெல்டிங் சான்றிதழ், ஃபோர்க்லிஃப்ட் உரிமம், மாலை வகுப்பு, பிள்ளைகளின் படிப்பு. இவற்றுக்குப் போகிற வெள்ளி செலவில் சேராது.

இரவில் சேர்த்தது: தானம் எங்கே என்று இன்னொருவர் கேட்டார். அது வேறோர் உபதேசத்தில் வருகிறது, அதுவும் அனாதபிண்டிகருக்குத்தான். நேர்மையாகச் சம்பாதித்ததை எதெதற்குச் செலவிடலாம் என்ற பட்டியலில் பெற்றோர், மனைவி மக்கள், வேலையாட்கள், நண்பர்கள் எல்லாம் வந்த பிறகு, ஐந்து பலி (காணிக்கை) என்று ஒன்று சொல்கிறார்: உறவினர், விருந்தினர், இறந்துபோன முன்னோர், அரசன், தேவர். இதைப் படித்ததும் குறளை எடுத்து வைத்துப் பார்த்தேன். தென்புலத்தார் (முன்னோர்), தெய்வம், விருந்து, ஒக்கல் (உறவினர்), தான். ஐந்தில் நான்கு அப்படியே பொருந்துகிறது. அங்கே அரசனுக்குக் கொடுக்கிற இடத்தில் இங்கே தன்னைக் காப்பது நிற்கிறது. வருமான வரிப் பாரம் நிரப்புகிற இந்த ஏப்ரல் மாதத்தில் அந்த அரசனின் பங்கையும் மறக்க வேண்டாம்.

27 ஏப்ரல் 2025

லாட்டரி நம்பர் எடுப்பது பற்றிக் கேட்டவருக்கு. சூதாட்டத்தால் வரும் கேடு ஆறு என்று சிகாலனுக்குச் சொன்னதிலேயே இருக்கிறது: ஜெயித்தால் பகை, தோற்றால் போன பணத்தை நினைத்துப் புலம்பல், கையிலிருப்பது கரைவது, சபையில் சொல் எடுபடாமல் போவது, நண்பர்களே இளக்காரமாகப் பார்ப்பது, பெண் கொடுக்க யாரும் முன்வராதது. வாரம் மூன்று நாள் நம்பர் எழுதிய என் பெரியப்பா வீட்டில் ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரியம்மாவின் தாலிக்கொடி அடகுக்கடையிலிருந்து திரும்பவே இல்லை.

1 மே 2025

தொழிலாளர் தினம். இன்று இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

"மன அமைதிப் பயிற்சி" என்று நிறுவனங்கள் ஆள் கூப்பிடுகிற காலம் இது. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்திலும் நடந்தது. கண்ணை மூடச் சொன்னார்கள், மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள், நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அதே ஓவர்டைம் பட்டியல். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிற பெண்கள் கால் வீங்கித்தான் பஸ் ஏறினார்கள். தொழிலாளியின் களைப்பைத் தொழிலாளியின் மனதிலேயே சரிசெய்யச் சொல்லிவிட்டு, களைப்பை உண்டாக்குகிற பட்டியலை அப்படியே வைத்திருப்பதை நான் எதிர்க்கிறேன். அதற்குப் புத்தரின் பெயரை வைப்பதை இன்னும் வன்மையாக எதிர்க்கிறேன்.

ஏனென்றால் அவர் முதலாளிக்கும் கடமை சொல்லியிருக்கிறார். அதே சிகாலன் உபதேசம். ஆறு திசைகளையும் தினமும் காலையில் கும்பிடுகிற அந்த இளைஞனிடம், கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழ்த்திசை வேலையாட்கள், மேல்திசை துறவிகள் என்று காட்டுகிறார். கீழ்த்திசைக்கு எஜமான் செய்ய வேண்டியவை ஐந்து: அவரவர் பலத்துக்கு ஏற்ற வேலை கொடுப்பது, உணவும் ஊதியமும் தருவது, நோயில் பார்த்துக்கொள்வது, நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்வது, உரிய நேரத்தில் ஓய்வு கொடுப்பது. இதைச் சொல்லி ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. நம் நாட்டு வேலைச் சட்டத்தில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்ததும், பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனதும் 2023 ஜனவரியில்தான்.

வேலையாளுக்கும் ஐந்து உண்டு, மறைக்க மாட்டேன்: எஜமானுக்கு முன் எழுவது, பின் படுப்பது, கொடுத்ததை மட்டும் எடுப்பது, வேலையை நன்றாகச் செய்வது, எஜமானின் நற்பெயரைக் காப்பது. முதல் இரண்டும் வீட்டோடு இருந்த வேலையாட்களின் காலத்தவை. மூன்றாவதும் நாலாவதும் இன்றைக்கும் அப்படியே செல்லும்.

4 மே 2025

ஒருவர் இங்கே "கோபம் என்பது பிறர்மேல் எறிவதற்காக நாமே பிடித்திருக்கும் தணல், புத்தர் சொன்னது" என்று படத்தோடு போட்டிருக்கிறார். புத்தர் சொன்னதாகச் சூத்திரங்களில் இந்த வாசகம் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய புத்தகோசர், கோபக்காரன் பிறரை அடிக்கத் தணலைக் கையில் எடுத்துத் தன்னையே முதலில் சுட்டுக்கொள்கிறான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அங்கிருந்து கைமாறிக் கைமாறி புத்தர் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. கருத்து நல்லதுதான். ஆனால் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லக்கூடாது என்பது இல்லறத்தார் எடுக்கிற ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தில் நாலாவது.

கோபத்துக்கு அவர் சொன்ன கதையையே சொல்கிறேன். சாவத்தி நகரில் வேதேகிகா என்றொரு வீட்டுத் தலைவி. சாந்தமானவள், அடக்கமானவள் என்று ஊரெல்லாம் பேர். அவள் வீட்டு வேலைக்காரி காளி, கெட்டிக்காரி. காளிக்கு ஒரு சந்தேகம்: அம்மாவிடம் கோபமே இல்லையா, இல்லை நான் வேலையை ஒழுங்காகச் செய்வதால் அது வெளியே வரவில்லையா? சோதிக்க ஒருநாள் தாமதமாக எழுந்தாள். அம்மா முகம் சுளித்தாள். மறுநாள் இன்னும் தாமதம். திட்டினாள். அதற்கடுத்த நாள் இன்னும் தாமதமாக எழுந்தபோது, கதவுத் தாழ்ப்பாள் கட்டையை எடுத்து மண்டையில் ஒரே போடு. ரத்தம் வழிய காளி அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினாள்: பாருங்கள், சாந்தமானவள் செய்த வேலையை.

எல்லாம் சரியாக நடக்கிற வரைக்கும் எல்லாரும் சாந்தம்தான். இண்டர்நெட் நின்றுபோனால், பினாங்குப் பாலத்தில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால், வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண் ஒரு தட்டை உடைத்தால், அப்போதுதான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் எங்கள் குடும்பக் குழுவில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை விற்பது பற்றி ஒரு பெரிய சண்டை ஓடியது. அண்ணன் எழுதியதற்கு நான் ஒரு நீண்ட பதில் தட்டிவிட்டு, அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். பேச்சுக்குப் புத்தர் ஐந்து நிபந்தனை வைத்திருக்கிறார்: காலமறிந்து, உண்மையாக, மென்மையாக, பயன்படும்படி, அன்போடு. நான் எழுதியது அத்தனையும் உண்மை. மற்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. இரவு பதினொன்றரைக்கு, பிள்ளைகள் மருமக்கள் எல்லாரும் படிக்கிற இடத்தில் அதை அனுப்புவதால் வீடும் விற்காது, அண்ணன் உறவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் பசார் பக்கத்துக் கோப்பிக்கடையில் இருவரும் உட்கார்ந்து பேசினோம். சண்டை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பேசிக்கொண்டிருக்கிறோம்.

போனில் மிகக் கடினமானது முதல் நிபந்தனைதான். எந்த நேரத்திலும் பேசலாம் என்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

12 மே 2025

வெசாக், புத்தரின் பிறப்பைக் கொண்டாடும் நாள். இந்த ஆண்டு சித்ரா பௌர்ணமியும் இதே நாள். காலையில் அம்மாவுக்காகக் கோயில் பூஜை, பிறகு காம்பார் சாலை மகிந்தாராமா புத்தக் கோயில். வெள்ளை உடுத்தி அட்டசீலம் (எட்டு ஒழுக்கம்) எடுத்தவர்கள் நண்பகலுக்கு முன் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நான் பஞ்சசீலம் மட்டும். கூட்டத்தில் ஒரு பெரியவர் நெற்றியில் விபூதியோடு பூத்தட்டு ஏந்தி நின்றார். நான் பொட்டோடு நின்றேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

13 மே 2025

நேற்றைய குறிப்புக்குப் பிறகு, "நாம் இந்துக்கள், நமக்கேன் சீனர் கோயில் விவகாரம்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் கரையிலிருந்து வடக்கே பார்த்தால் தெளிவான நாளில் குனோங் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. கெடா. நம் சோழர் கல்வெட்டுகளில் வருகிற கடாரம். அந்தக் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைத் தன் தந்தை பெயரில் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தவன் தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன். சிவபாதசேகரன் என்று பட்டம் பூண்டவன். அந்தச் செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. அவன் மகன் ராஜேந்திரன் 1025-இல் இதே கடாரத்தின்மேல் படையெடுத்தான் என்பதும் உண்மை. கொடையும் படையும் இந்தக் கடலைத் தாண்டித்தான் போய் வந்திருக்கின்றன.

அட்சய பாத்திரம் ஏந்திப் பசித்தவர்க்குச் சோறு போட்ட மணிமேகலை புத்தத் துறவி. வீரசோழியம் என்ற இலக்கணம் செய்தவர் புத்தமித்திரர். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கி, 1907 முதல் தமிழில் வார இதழ் நடத்தியவர் அயோத்திதாசர். சாதியால் ஒடுக்கப்பட்ட நம் மக்களுக்குப் பௌத்தம் உங்கள் பழைய வீடு என்று காட்டியவர் அவர். தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகளில் பலர் அதே மக்கள்தான். ஆகவே சீனர் கோயில் என்று ஒதுக்க என்னால் முடியாது.

18 மே 2025

இது நீளமாக இருக்கும். எனக்கு மிக வேண்டிய பகுதி இது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பகலில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறார், இரவு நான். டயபர் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. தியானம் செய்யலாமே, மனம் அமைதியாகுமே என்று அன்போடு சொல்கிறவர்கள் உண்டு. மூன்று மணிக்கு அம்மா கூப்பிடும்போது எந்தத் தியானம்?

துறவிகளின் ஒழுங்கு நூலான விநயத்தில் ஒரு நிகழ்ச்சி. வயிற்றுப்போக்கில் விழுந்த ஒரு பிக்கு (புத்தத் துறவி), தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். புத்தரும் அவர் சீடர் ஆனந்தரும் அந்தப் பக்கம் வருகிறார்கள். யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டால், நான் மற்றவர்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் வரவில்லை என்கிறார் நோயாளி. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார் புத்தர். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தர் பிடிக்க, கால்பக்கம் ஆனந்தர் பிடித்துக் கட்டிலில் படுக்கவைக்கிறார்கள். பிறகு மற்றவர்களைக் கூட்டிச் சொன்னார்: உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஐந்து தகுதி சொல்லப்பட்டிருக்கிறது. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்து, ஒத்துக்கொள்வதைக் கொடுக்க வேண்டும். லாபம் கருதாமல் அன்போடு செய்ய வேண்டும். மலம், மூத்திரம், வாந்தி, எச்சில் அள்ள அருவருக்கக்கூடாது. அவ்வப்போது நல்ல வார்த்தை சொல்லித் தெம்பூட்டத் தெரிய வேண்டும்.

அன்புக்கு அடுத்து அருவருப்பைத் தனியாக எழுதிவைத்தவரை நான் நம்புகிறேன். அன்பு இருந்தால் அருவருப்பு வராது என்று பேசுகிறவர்கள் இதைச் செய்து பார்த்தவர்களாக இருக்க முடியாது. அன்பு நிறைய இருக்கும், குமட்டலும் வரும். குமட்டல் வருகிறபோது, "இது நாற்றம், இது குமட்டல்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கை வேலையைத் தொடர்வேன். அம்மாவின்மேல் அது கோபமாகத் திரும்பாது. இதுதான் என் பயிற்சி, கிரீன் லேன் தியான மையத்தில் கற்றுக்கொடுத்த, மனதில் எழுவதைப் பெயர் சொல்லிக் கவனிக்கிற மகாசி தியான முறையை நான் பயன்படுத்துகிற இடமும் இதுதான்.

நோயாளிக்கும் ஐந்து உண்டு. பார்த்துக்கொள்ளச் சிரமமான நோயாளி யாரென்றால்: ஒத்துக்கொள்ளாததைச் செய்கிறவர், அளவு அறியாதவர், மருந்து சாப்பிடாதவர், நோய் கூடுகிறதா குறைகிறதா என்று உள்ளதைச் சொல்லாதவர், வலியைத் தாங்கிக்கொள்ளாதவர். அம்மா மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பவர். வலிக்குதா என்றால் இல்லை என்பார், உதடு கடித்திருக்கும். பட்டியலை அம்மாவுக்கே படித்துக் காட்டினேன். "அந்தக் காலத்திலேயும் என்னை மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்று இரவு மாத்திரை சாப்பிட்டார். மறுநாள் மறுபடி தலையணை.

20 மே 2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஈப்போவிலிருந்து ஒரு பெண் எழுதியதைப் பார்த்தேன். மாமனாரைப் பார்த்துக்கொள்கிறார், கணவரும் கொழுந்தன்மாரும் எட்டிப் பார்ப்பதில்லை, "பொறுமையாக இரு, புண்ணியம்" என்று மட்டும் சொல்கிறார்களாம்.

நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் தங்கச்சி. புத்தர் சொன்னது அங்கே இருந்த அத்தனை பேருக்கும். ஒருவரைப் பிடித்துவைத்து அவர் தலையில் எல்லாவற்றையும் கட்டவில்லை. தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான், பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கிறான் என்று மூங்கில் கழைமேல் ஏறிய கூத்தாடி கதையில் இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாளாவது கொழுந்தன் வந்து உட்கார வேண்டும், நீங்கள் வெளியே போக வேண்டும். அதைக் கேட்பது பாவமில்லை. காலமறிந்து, மென்மையாக, ஆனால் கேட்டே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன் இப்போது சனிக்கிழமை இரவு வருகிறான்.

25 மே 2025

தம்பி மறுபடி வந்திருக்கிறார். கடனை எழுதிப் பார்த்தாராம், இப்போது இரவில் அந்தத் தாளே கண்முன் நிற்கிறது, தூக்கம் இல்லை.

ஓடுகிற நினைப்பை அடக்க ஐந்து வழி சொன்ன சூத்திரம் ஒன்று இருக்கிறது. வேறு நல்ல நினைப்பை அந்த இடத்தில் வைப்பது. இந்த நினைப்பால் வரும் கேட்டை எண்ணிப் பார்ப்பது. அதைக் கவனிக்காமல் விடுவது. அது எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் பார்த்துப் படிப்படியாக வேகத்தைக் குறைப்பது, ஓடுகிறவன் நடந்து, நடப்பவன் நின்று, நிற்பவன் உட்காருகிற மாதிரி. கடைசியில், பல்லைக் கடித்து நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வலுக்கட்டாயமாக அடக்குவது. எடுத்த எடுப்பில் பல்லைக் கடிக்கக்கூடாது, வரிசை முக்கியம். எனக்கு நாலாவது உதவுகிறது. படுத்த நிலையில், இந்தப் பயம் தொடங்கியது எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் படுக்கும் முன் போனில் பார்த்த ஏதோ ஒன்றில் போய் நிற்கும்.

ஆனால் தம்பி, உங்கள் பயத்துக்குப் பாதி மருந்து ஏகேபிகே மேசையில் இருக்கிறது. நேரம் வாங்கிவிட்டீர்களா? கோலாலம்பூரில் இருப்பதால் ஒன்று: பிரிக்ஃபீல்ட்ஸில் நம் கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரம், ஜாலான் பெர்ஹாலாவில் மகா விகாரம். இலங்கையிலிருந்து 1952-இல் வந்து 2006-இல் மறையும் வரை ஸ்ரீ தம்மானந்த தேரர் இருந்த இடம். இல்லறத்தார் படுகிற பாட்டைப் பற்றியே அதிகம் பேசியவர், எழுதியவர். தனியறையில் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய் உட்காருங்கள். நல்ல நட்பு என்று தீகஜாணுவுக்குச் சொன்ன மூன்றாவதை நாம் இதுவரை பேசவே இல்லை. கடன் வைத்திருப்பவர்கள் முதலில் துண்டித்துக்கொள்வது நண்பர்களைத்தான், வெட்கத்தால்.

2 ஜூன் 2025

சுங்கை ஆராவில் மதுபானக் கிடங்கில் வேலை செய்கிற சகோதரர் கேட்டது. புத்தர் விலக்கச் சொன்ன வியாபாரம் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, விஷம். கிடங்கில் பெட்டி தூக்குகிற நானும் அதில் சேர்த்தியா?

சொல்லப்பட்டிருப்பது வியாபாரத்தை. பெட்டி தூக்கிக் கூலி வாங்குகிறவரும் அதில் அடங்குவாரா என்று வாதம் பண்ணலாம். என் எண்ணத்தை நேராகச் சொல்கிறேன்: உங்களுக்கே உறுத்துகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள். அந்த உறுத்தலை நான் தடவிக்கொடுத்து மறைக்க விரும்பவில்லை. அதே சமயம் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளைக்கே வேலையை விடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வேறு வேலை கையில் கிடைத்த பிறகு விடுங்கள், அதுவரை பஞ்சசீலத்தைக் கைவிடாமல் காத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்லிஃப்ட் உரிமம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தொழிற்சாலைக் கிடங்கில் காலை ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். உரிமத்தின் நகல், அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துவையுங்கள். எங்கே கொண்டுவர வேண்டும் என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.